வானலையில் ஏறிய நாணயம்

பொன்னும் வெள்ளியும் நாணயமாக வழங்கிய காலத்தில், பணத்தைத் தூரதேசத்துக்கு அனுப்பக் குதிரையும் கப்பலும் வேண்டியிருந்தன. தந்தி தோன்றியபின் கம்பி அவ்வேலையை ஏற்றது. இக்காலத்தில் இணையம் அதனைச் செய்து வருகின்றது. அந்த இணையமே அறுந்துவிடின் பணம் எவ்வழியாற் செல்லும்? இவ்வினாவுக்கு விடை தேடிய சிலர், நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறுடைய அமெச்சூர் வானொலியை நாடினர்.

2019 பெப்ரவரியில், கனடாவின் ரொறன்ரோ நகரிலிருந்த ரொடொல்போ நோவாக் என்பாரும், அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவிலிருந்த எலேன் ஊ என்னும் அம்மையாரும், இணையமோ செயற்கைக் கோளோ இன்றி, வானலை வழியாகப் பிட்கொயின் கொடுப்பனவு ஒன்றை நிகழ்த்தியதாக அறிவித்தனர். இரு நகரங்களுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 3,600 கிலோமீற்றர். அவர்கள் பயன்படுத்தியது 40 மீற்றர்ச் சிற்றலை. எலேன் ஊ அம்மையாரும் நிக் சாபோ என்னும் கணினி அறிஞரும் 2017 இலேயே இத்தகைய முறையொன்றை அறிஞர் அவையில் எடுத்துரைத்திருந்தனர்.

பிட்கொயின் என்பது யாது?

சத்தோஷி நக்கமோட்டோ என்ற புனைபெயருடையார் 2008 ஒக்டோபர் 31 ஆந் திகதி வெளியிட்ட கட்டுரையொன்றிற் பிறந்தது பிட்கொயின். 2009 ஜனவரி 3 ஆந் திகதி அதன் முதற் பதிவு எழுதப்பட்டது. கையிற் பிடிக்கக்கூடிய காசு அதில் இல்லை. உள்ளது ஒரு கணக்கேடு மாத்திரமே. கடைக்காரரின் கணக்கேடு அவரது மேசைக்குள் ஒன்றுதான் இருக்கும். இக்கணக்கேட்டின் பிரதியோ உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கின்றது. ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிய ஏடு ஒன்று அதிற் சேர்க்கப்படும்.

ஒருவர் மற்றொருவருக்குப் பணம் கொடுக்க விரும்பின், “என் கணக்கிலிருந்து இவ்வளவு இன்னாருக்கு” என்ற சிறு செய்தியை எழுதி, கணித முறையிலான கையொப்பம் இட்டு வெளியிடல் வேண்டும். செய்தியில் ஓர் எழுத்தை மாற்றினும் கையொப்பம் பொய்த்துவிடும். ஆகவே, அதனை எடுத்துச் செல்பவர் நம்பத்தக்கவரா என்று ஆராய வேண்டுவதில்லை. எந்தத் தபாற்காரர் கையிற் கொடுத்தாலுங் கடிதம் கெடாது. வானலையும் அத்தகைய ஒரு தபாற்காரரே.

வானம் என்னும் கண்ணாடி

சிற்றலைகள் நெடுந்தூரம் செல்லும் விந்தையை முதலில் மெய்ப்பித்தவருள் அமெச்சூர் வானொலியாளர் முக்கியமானவர். 1912 இல் அமெரிக்க அரசு, 200 மீற்றரும் அதற்குக் குறைந்தனவுமான அலைகளையே இவர்களுக்கு ஒதுக்கியது; அவை பயனற்றவை என்பது அன்றைய எண்ணம். ஆயின் 1921 டிசெம்பரில், அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்திலிருந்து அமெச்சூர்கள் அனுப்பிய சமிக்ஞை ஸ்கொத்லாந்திற் கேட்டது. அத்திலாந்திக் சமுத்திரத்தை அது தாண்டிவிட்டது! வானின் உயரத்திலே மின்னூட்டம் பெற்ற அயன்மண்டலம் கண்ணாடிபோல் நின்று இவ்வலைகளைப் பூமிக்குத் திருப்புகின்றது. 1924 இல் எட்வேட் அப்பிள்டன் அம்மண்டலம் உண்டென்பதைச் சோதனை மூலம் நிறுவினார். 1947 இல் நோபல் பரிசும் பெற்றார்.

பௌதிகவியலில் 1993 இல் நோபல் பரிசு பெற்ற ஜோசப் டெயிலர் என்பவரும் அமெச்சூர் வானொலியாளரே. அவரும் ஸ்டீவ் பிராங் என்பவரும் 2017 இல் எஃப்.ரி.8 என்ற முறையை வகுத்தனர். காதுக்குக் கேளாத அளவுக்கு இரைச்சலில் அமிழ்ந்த சமிக்ஞையையும் கணினி அம்முறையால் வாசித்துவிடும். அதிலிருந்து கிளைத்ததே ஜே.எஸ்.8 கோல். ரொறன்ரோவிலிருந்து செய்தி சென்றது இதன் வழியேதான்.

கணக்கு என்ன சொல்கின்றது?

மாணவர்கள் இங்கே ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். ஜே.எஸ்.8 முறையில் 15 செக்கனுக்குச் சுமார் 70 பிற்றுகள் செல்லும். பிட்கொயின் கொடுப்பனவுச் செய்தியொன்று 250 பைற்று எனக் கொள்வோம். அதாவது 2,000 பிற்று. அதனை அனுப்ப ஏழு நிமிடத்துக்குச் சற்று அதிகம் வேண்டும். பொறுமையுள்ளவர்க்கு இது பெரிதன்று.

ஆனால், கணக்கேட்டின் ஒரு முழு ஏடு 10 இலட்சம் பைற்றையும் மிஞ்சக்கூடும். 10 இலட்சம் பைற்றை இம்முறையில் அனுப்ப ஏறத்தாழ 20 நாட்கள் செல்லும். ஓர் ஏடு வந்து சேருமுன் ஏறத்தாழ 2,900 புதிய ஏடுகள் எழுதப்பட்டுவிடும்! எனவே, கணக்கேட்டை முழுமையாகச் சிற்றலையிற் சுமப்பது இயலாத காரியம். ஒவ்வோர் ஏட்டின் தலைப்பு மாத்திரம் 80 பைற்றே ஆகையால், அது இரண்டரை நிமிடத்திற் சென்றுவிடும். பெரிய ஏடுகளைப் பெறுதற்கு வேறு வழியும் உண்டு. பிளொக்ஸ்ட்ரீம் என்ற நிறுவனம் 2017 ஓகஸ்டில், செயற்கைக் கோள் வாயிலாகக் கணக்கேட்டை ஒலிபரப்பத் தொடங்கியது. ஆக, பெறுவதற்குச் செயற்கைக் கோளும், அனுப்புவதற்குச் சிற்றலையும் எனப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

எவ்வாறாயினும், வானலையில் அனுப்பிய செய்தியை மறுமுனையில் இணையமுள்ள ஒருவர் பெற்று வலையமைப்பிற் சேர்த்தல் வேண்டும். உலகம் முழுவதும் இணையம் அணைந்துவிட்டால் இந்த வித்தையும் பெரிதும் பயன்படாது. ஓர் ஊரோ நாடோ தனித்துத் துண்டிக்கப்படும்போதுதான் இதன் அருமை விளங்கும். 2011 ஜனவரி இறுதியில் எகிப்து அரசு நாட்டின் இணையத்தை ஏறக்குறைய முழுமையாக ஐந்து நாள் நிறுத்தி வைத்தது. 2022 ஜனவரி 15 ஆந் திகதி எரிமலை வெடித்து, தொங்கா நாட்டின் கடலடிக் கம்பி அறுந்தது. அதனைச் சீராக்க ஐந்து வாரமளவு சென்றது. அத்தகைய நாளில், அந்நிய நாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய பணத்தை எதிர்பார்த்திருக்கும் தாய்க்கு எவ்வழி உதவும் என்பது விளையாட்டுக் கேள்வியன்று.

சட்டத்தின் குரல்

இவ்விடத்தில் ஒரு பெருந் தடை எழுகின்றது. அமெச்சூர் வானொலி பணநோக்கின்றிச் சுயபயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் உரியது என்பது சர்வதேச விதி. பொருளை மறைக்கும் நோக்குடன் குறியீட்டிற் பேசுதலும் நாடுகளுக்கிடையே தடைசெய்யப்பட்டுள்ளது. அமெரிக்க விதிகளும் இவ்விரண்டையும் விலக்குகின்றன.

இரண்டாவது தடைக்கு ஆதரவாளர் விடை கூறுவர்: பிட்கொயின் செய்தியில் மறைவு எதுவுமில்லை, எவரும் வாசிக்கலாம், கையொப்பம் என்பது முத்திரையேயன்றிப் பூட்டன்று. இவ்வாதத்தில் நியாயம் உண்டு. முதலாவது தடையோ எளிதில் அகலாது. ஒருமுறை செய்துகாட்டும் சோதனை வேறு. நாள்தோறும் வியாபாரம் நடத்துதல் வேறு. சிற்றலை ஊர்ப் பொது மேய்ச்சல்நிலம் போன்றது. வியாபாரிகள் அங்கே கடைவிரித்தால் இடம் விரைவில் நிரம்பிவிடும். பின்பு ஆபத்துக் காலத்தில் உயிர்காக்கும் செய்திக்கு வழியிராது. 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி கடல் பொங்கியபோது, தொலைபேசி செயலிழந்த இலங்கையின் தென்கரையிலிருந்து செய்தி அனுப்பியவர்கள் அமெச்சூர் வானொலியாளரே என்பதை நாம் மறத்தலாகாது.

ஆகவே, ரொறன்ரோச் சோதனையை ஒரு பாடமாகவே கொள்ளல் தகும். பணம் என்பது இறுதியில் ஒரு செய்தியே என்பதையும், சில வாற்று மின்சாரமும் ஒரு நீண்ட கம்பியும் அச்செய்தியைக் கண்டம் முழுதும் கடத்தவல்லன என்பதையும் அது காட்டிற்று. வியாபாரத்துக்கு வேறு அலைவரிசைகள் உள. இத்துறையில் ஈடுபட விழையும் மாணவர் முதலில் பரீட்சை எழுதி அநுமதிப் பத்திரம் பெறுக. அயன்மண்டலத்தின் போக்கை இரவும் பகலும் கேட்டறிக. அவ்வறிவு நாணயத்தின் விலை ஏறினும் இறங்கினும் குறையாது.