கமிஷனரின் பட்டியலில் உங்கள் தெரு இருக்கிறதா?

டெக்சஸ் மாநிலத்தில் 254 கவுண்டிகள் உண்டு. ஆண்டு பிறந்ததும் அவற்றின் கமிஷனர்கள் பலர் இந்த ஆண்டுக்கான தங்கள் முன்னுரிமைகளை அறிவிப்பார்கள். சாலை அகலப்படுத்துதல், வெள்ளத் தடுப்பு, பூங்கா, ஷெரீஃப் துறைக்கு ஆள் சேர்ப்பு என்று பட்டியல் நீளும். ஹூஸ்டனைச் சுற்றி கேட்டி, சுகர்லேண்ட், சைப்ரஸ் பகுதிகளில் குடியேறிய நம்மவர்கள் பலர் அதைப் படிப்பதே இல்லை. வாஷிங்டன் அரசியலை விடிய விடியப் பேசுவோம். நம் வாசலில் தண்ணீர் வடியுமா, தேங்குமா என்பதை முடிவு செய்கிறவர் யார் என்று கேட்க மாட்டோம். இந்த அலட்சியத்துக்குக் கொடுக்கும் விலை பெரிது.

ஒவ்வொரு கவுண்டியும் நான்கு ப்ரீசிங்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ப்ரீசிங்டுக்கு ஒரு கமிஷனர். அந்த நால்வரோடு, கவுண்டி முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கவுண்டி ஜட்ஜும் சேர்ந்த ஐவர் அவைதான் கமிஷனர்ஸ் கோர்ட். பட்ஜெட், வரி விகிதம், ஒப்பந்தம் எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. ஹாரிஸ் கவுண்டியில் சுமார் 20 லட்சம் பேர் எந்த நகராட்சி எல்லைக்குள்ளும் வராத இடங்களில் வாழ்கிறார்கள். அவர்களுக்கு மேயர் கிடையாது, நகர மன்றம் கிடையாது. சாலை என்றால் கவுண்டியிடம்தான் போக வேண்டும். ஹாரிஸ் கவுண்டியின் வெள்ளக் கட்டுப்பாட்டு மாவட்டத்துக்கும், ஃபோர்ட் பெண்ட் கவுண்டியின் வடிகால் மாவட்டத்துக்கும் நிர்வாகக் குழுவாக இருப்பது அந்தந்தக் கமிஷனர்ஸ் கோர்ட்தான்.

அங்கே எடுக்கும் ஒரு முடிவு எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு பார்க்கர் நீர்த்தேக்கம் சாட்சி. ஹூஸ்டன் நகரைக் காக்க 1940களில் ராணுவப் பொறியாளர்கள் பார்க்கர், ஆடிக்ஸ் என்ற இரண்டு தேக்கங்களைக் கட்டினார்கள். மழை இல்லாத நாளில் அவை வெறும் புல்வெளியும் காடும்தான். முழுக் கொள்ளளவுக்கு நீர் ஏறினால் மூழ்கக்கூடிய நிலம் முழுவதையும் அரசு வாங்கவில்லை. வாங்காமல் விட்ட நிலத்தில் பின்னாளில் கமிஷனர்ஸ் கோர்ட்டின் ஒப்புதலோடு மனைகள் போடப்பட்டன, வீடுகள் எழும்பின. இது தேக்கத்தை ஒட்டிய இடம், நீர் ஏறி நிற்க வாய்ப்புண்டு என்ற குறிப்பு 1990களிலிருந்து வந்த சில மனை வரைபடங்களின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. வீட்டுப் பத்திரம் முடிக்கும் நாளில் கையெழுத்துப் போடும் காகிதக் கட்டில் அந்த வரைபடத்தை யார் தேடுவார்கள்? 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது அந்தக் குறிப்பு சொன்னபடியே வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. தேக்கத்துக்குள் மூழ்கிய வீடுகளுக்கு மத்திய அரசே பொறுப்பு என்று 2019 டிசம்பரில் மத்திய நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தும் இழப்பீட்டு வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

வீடு வாங்குமுன் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் அந்த மனை வரைபடத்தின் நகலை வாங்கி, ஓரக் குறிப்புகளோடு சேர்த்துப் படியுங்கள். 2019 செப்டம்பர் முதல், பழைய வீட்டை விற்பவர் அது முன்பு வெள்ளத்தில் மூழ்கியதா, தேக்கத்தின் நீர்ப்பரப்புக்குள் வருகிறதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வாடகைக்கு இருப்போருக்கும் 2022 முதல் இதே போன்ற பாதுகாப்பு உண்டு. வெள்ளச் சமவெளியில் இருக்கிறதா, கடந்த ஐந்து ஆண்டுகளில் வெள்ளத்தால் சேதமடைந்ததா என்பதை வீட்டுக்காரர் தெரிவிக்க வேண்டும்.

சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வீட்டுக்கு 2,50,000 டாலர் வரையும் பொருள்களுக்கு 1,00,000 டாலர் வரையும் எடுக்கலாம். ஆனால் பாலிசி பொதுவாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். புயல் கிளம்பிவிட்டதென்று செய்தி வந்தபின் எடுத்துப் பயனில்லை. “எங்கள் வீடு நூறாண்டு வெள்ளக் கோட்டுக்கு வெளியே” என்று நிம்மதியாக இருப்பவர்கள் நம்மில் அதிகம். ஹார்வியில் ஹாரிஸ் கவுண்டியில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் மூழ்கின. பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்தவைதான். அந்தக் கோடு சொல்வதே ஆண்டுக்கு ஒரு சதவீத வாய்ப்பைத்தான். 30 ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் அது நூற்றுக்கு 26 ஆகிவிடும்.

ஹார்வி வந்து சரியாக ஓராண்டில், 2018 ஆகஸ்டில், ஹாரிஸ் கவுண்டி மக்கள் 250 கோடி டாலர் வெள்ளத் தடுப்புக் கடன் பத்திரத்துக்குச் சுமார் 85 சதவீத ஆதரவோடு ஒப்புதல் தந்தார்கள். கால்வாய் வெட்ட, குளம் தோண்டப் பணம் கிடைத்தது. ஆனால் கடன் பத்திரப் பணம் புதிதாகக் கட்டுவதற்கு உரியது; புல் வெட்டுவதும், சரிந்த கரையைக் கட்டுவதும், மண் அள்ளுவதும் ஆண்டுதோறும் வரிப்பணத்தில் நடக்க வேண்டும். அதற்காக வரியை உயர்த்த 2024 நவம்பரில் மக்களிடம் மீண்டும் கேட்டார்கள். சிறிய வித்தியாசத்தில்தான் அது நிறைவேறியது. எனவே கமிஷனரின் பட்டியலில் ஒரு புதுக் கால்வாயைப் பார்த்தால், அதைப் பராமரிக்கும் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று கேளுங்கள். சாலைத் திட்டம் என்றால் ஆய்வா, வடிவமைப்பா, நிலம் எடுப்பா, டெண்டரா, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். ஆய்வுக் கட்டத்தில் இருக்கும் சாலையில் வண்டி ஓட ஆண்டுகள் பல ஆகும்.

பட்டியல் வெறும் வாக்குறுதி. கவுண்டியைக் கட்டுப்படுத்துவது பட்ஜெட். ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட் இரண்டிலும் நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குவதால், கோடையில்தான் பேச்சு சூடுபிடிக்கும். பொதுவாகச் செப்டம்பருக்குள் வரி விகிதமும் முடிவாகிவிடும். ஏற்கெனவே உள்ள சொத்துகளிலிருந்து முந்தைய ஆண்டைவிட 3.5 சதவீதத்துக்கு மேல் நிர்வாகச் செலவுக்கான வருவாய் திரட்டும் விகிதத்தை வைத்தால், பேரிடர்க் காலம் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, மக்களின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று 2019இல் சட்டம் வந்தது. வாக்கெடுப்பே இல்லாமல் கவுண்டி வெளியிடக்கூடிய ஒருவகைக் கடன் சான்றிதழும் உண்டு. அதற்கும் முன்னறிவிப்பு தர வேண்டும்; பதிவு செய்த வாக்காளர்களில் 5 சதவீதம் பேர் உரிய காலத்துக்குள் மனு கொடுத்தால் தேர்தல் நடத்தியாக வேண்டும்.

இனி நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு: “நமக்குத்தான் ஓட்டு இல்லையே, நாம் என்ன செய்ய முடியும்?” எச்1பி வேலை விசாவில் இருப்பவரும், கிரீன் கார்டில் இருக்கும் தாத்தா பாட்டியும்கூடக் கமிஷனர்ஸ் கோர்ட் கூட்டத்தில் பேசலாம். கூட்டப் பொருள் நிரலில் உள்ள எதைப் பற்றியும் பேச விரும்பும் பொதுமக்களை, முடிவெடுக்கும் முன்போ எடுக்கும்போதோ பேச அனுமதிக்க வேண்டும் என்கிறது 2019இல் வந்த இன்னொரு சட்டம். அவர்கள் குடியுரிமை பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. கவுண்டியை விமர்சிப்பதைத் தடுக்கவும் கூடாது. மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசுகிறவருக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும். அதாவது மற்றவர்க்கு மூன்று நிமிடம் என்றால், தமிழில் பேசும் உங்கள் அம்மாவுக்கு ஆறு. 2025 செப்டம்பர் முதல், கூட்ட அறிவிப்பை மூன்று வேலை நாள்களுக்கு முன்பே வெளியிட வேண்டும். பட்ஜெட் கூட்ட அறிவிப்பில், நடுத்தர மதிப்புள்ள ஒரு வீட்டுக்கு வரி எவ்வளவு மாறும் என்ற கணக்கும் இருக்க வேண்டும்.

ஆவணமும் கேட்டுப் பெறலாம். உங்கள் தெரு வடிகாலின் ஆய்வறிக்கையோ ஒப்பந்த நகலோ வேண்டுமென்று எழுதிக் கேளுங்கள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று அதிகாரி கேட்கக்கூடாது. அதை மறைக்க நினைத்தால், பொதுவாகப் பத்து வேலை நாள்களுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலின் முடிவைக் கோர வேண்டும். சாலைக்காக உங்கள் நிலத்தை எடுக்க வந்தால், நில உரிமையாளரின் உரிமைகளைச் சொல்லும் கையேட்டை முதலில் உங்களிடம் தர வேண்டும். இறுதி விலையோடு மதிப்பீட்டு அறிக்கையும் தர வேண்டும். முதல் கடிதத்துக்கே பயந்து கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டு இடங்களில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. குடியுரிமை இல்லாதவர் வாக்காளராகப் பதிவு செய்யவே கூடாது. ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது தவறான கட்டத்தில் டிக் செய்துவிட்டு, பின்னாளில் குடிவரவு விண்ணப்பத்தில் அல்லாடியவர்கள் இருக்கிறார்கள். அடுத்தது நன்கொடை. கிரீன் கார்டு உள்ளவர் வேட்பாளருக்குப் பணம் தரலாம். எச்1பியிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர் எந்தத் தேர்தலுக்கும், உள்ளூர்த் தேர்தலுக்கும்கூட, தரக்கூடாது. நண்பர் வற்புறுத்தினார் என்று நிதி திரட்டும் விருந்துக்கு டிக்கெட் வாங்குவதும் இதில் அடங்கும்.

குடியுரிமை பெற்றவர்கள் நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம். பல ப்ரீசிங்டுகளில் மார்ச் மாத முதல்நிலைத் தேர்தலே வெற்றியை முடிவு செய்துவிடுகிறது. கவுண்டி ஜட்ஜையும் 2, 4ஆம் ப்ரீசிங்ட் கமிஷனர்களையும் 2026இல் தேர்ந்தெடுக்கிறார்கள். 1, 3ஆம் ப்ரீசிங்டுகளுக்கு 2028. வாக்குப்பதிவுக்கு 30 நாள் முன்பே பெயர் பதிவாகியிருக்க வேண்டும். உங்கள் ப்ரீசிங்ட் எண் வாக்காளர் அட்டையிலேயே இருக்கும். அட்டை இல்லையென்றால் கவுண்டி அலுவலகத்தை அழைத்து முகவரியைச் சொன்னால், உங்கள் கமிஷனர் யார் என்று சொல்லிவிடுவார்கள்.