மேட்டில் தட்டும் எஞ்சின்

தோழர்களே, குலை ஏற்றிய பழைய டட்சன் பிக்கப் மேடேறும்போது எஞ்சின் 'டக் டக்'கென்று தட்டுதா? ரேடியோவைக் கூட்டி வைத்து ஓட்டாதீர்கள். பிஸ்டன் ஓட்டையானால் மாசச் சம்பளம் போச்சு!

எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டர் தண்ணியைப் பாருங்கள், சூடேறினாலும் தட்டும். அடுத்து பாயிண்ட் இடைவெளி. அது மாறினால் டைமிங்கும் மாறும், ஆகவே முதலில் அதைச் சரி செய்யணும். நான் இதை விட்டுவிட்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன்.

பிறகு எஞ்சினைச் சூடாக்கி, வேக்கும் குழாயைக் கழற்றி அடைத்து, முதல் பிளக் ஒயரில் டைமிங் லைட்டை மாட்டி, மெதுவோட்டத்தில் புல்லிக் கோட்டின்மேல் அடியுங்கள். புத்தகம் சொல்லும் டிகிரிக்கு முந்தி நின்றால், டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டைத் தளர்த்தி, ரோட்டர் சுற்றும் பக்கமே மயிரிழை திருப்பி இறுக்குங்கள். இறுக்கியபின் மறுபடி பார்க்கணும். அப்பவும் தட்டினால், 95க்குப் பதில் 97 பெட்ரோல் ஊற்றிப் பாருங்கள்.