குழந்தையின் அறிவுக்கு அளவுகோல் உண்டா?

மேசையின் நீளத்தை மீட்டர் கோலால் அளக்கிறோம். குழந்தையின் அறிவை எதனால் அளப்பது? பாரிஸ் நகரில் இக்கேள்வி நடைமுறைத் தேவையாகவே எழுந்தது. பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளைப் பற்றி ஆராய 1904ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு ஒரு குழுவை நியமித்தது. ஆசிரியரின் கருத்தை மட்டும் நம்பினால், அடங்காத சிறுவனும் மந்த புத்தியுள்ளவன் என்று ஒதுக்கப்படலாம் அல்லவா?

குழுவில் இருந்த உளவியல் அறிஞர் ஆல்ஃபிரட் பினே, மருத்துவர் தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905இல் 30 சோதனைகளை வகுத்தார். நகரும் தீக்குச்சிச் சுடரைக் கண்ணால் தொடர்வது அவற்றில் மிக எளியது. எனக்குப் பிடித்தது வேறொன்று. ஒரே உருவமுள்ள ஐந்து பெட்டிகள். எடை 3, 6, 9, 12, 15 கிராம். கையால் தூக்கிப் பார்த்தே அவற்றை வரிசைப்படுத்த வேண்டும். இதற்கு எழுத்தறிவு தேவையே இல்லை!

1912இல் ஜெர்மானியர் வில்லியம் ஸ்டெர்ன் மன வயதை உண்மை வயதால் வகுத்தார். அமெரிக்கர் லூயிஸ் டெர்மன் 1916இல் அதை 100ஆல் பெருக்கிப் பரப்பினார். எட்டு வயதுக் குழந்தை ஆறு வயதுக்குரியவற்றை மட்டும் செய்தால் நுண்ணறிவு ஈவு 75.

இந்த எண்ணுக்குக் கிராம் போன்ற அலகு கிடையாது. ஈவு 120 உடையவர் 60 உடையவரைவிட இரு மடங்கு அறிவாளி என்பது, 40 பாகை செல்சியஸ் நீர் 20 பாகை நீரைவிட இரு மடங்கு வெப்பமானது என்பதற்கு ஒப்பாகும். செல்சியசுக்காவது கெல்வின் துணை உண்டு. இதற்கு அதுவும் இல்லை. நீளத்தைப் போல் அறிவை அளக்க இயலாது, வரிசைப்படுத்தவே இயலும் என்று பினே தாமே கூறியிருந்தார்.

இன்று வயதால் வகுப்பதில்லை. ஒத்த வயதினரின் சராசரியை 100 எனக் கொண்டு ஒப்பிடுகிறார்கள். ஏறத்தாழ 68 விழுக்காட்டினர் 85க்கும் 115க்கும் இடையில் அமைவர். சோதனையும் பல பகுதிகளாக நடக்கிறது. கட்டைகளால் உருவம் அமைப்பதிலும் சொற்பொருள் கூறுவதிலும் வல்ல குழந்தை, கேட்ட எண்களைத் திருப்பிச் சொல்வதில் தடுமாறலாம். கூட்டிப் பார்த்தால் மொத்தம் 98 என்று வரும். தடுமாற்றம் மறைந்துவிடும்! வாசிப்புக் குறைபாடுள்ள குழந்தைகள் பலர் இவ்வாறே கண்ணில் படாமல் போகிறார்கள்.

எனவே, கண்ணையும் காதையும் பரிசோதித்த பிறகு, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிப்பர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்றுக்கொண்டுள்ளதால், தேர்வுச் சலுகையும் இந்த முடிவையே பொறுத்திருக்கிறது. ஆனால் தமிழில் பயிலும் குழந்தைக்கு ஆங்கிலத்தில் வாசிப்புச் சோதனை வைத்தால், அளக்கப்படுவது அதன் ஆங்கிலப் பழக்கமே. முறையான அறிக்கையில் ஒற்றை எண்ணுடன் அதன் பிழை எல்லையும் தரப்பட்டிருக்கும். அந்த எல்லையைப் பெற்றோர் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதை எழுதாத மாணவருக்கு மதிப்பெண் குறைப்போம்.