கட்டடத்திற்கும் அறிவு உண்டா?

பங்குனி பிறந்துவிட்டால் மடுகரையில் மாடி வீட்டுக்காரர்களுக்கு இரவிலும் புழுக்கம் தணிவதில்லை. பகலெல்லாம் வெயிலை உறிஞ்சிய கான்கிரீட் கூரை, இரவில் அவ்வெப்பத்தை அறைக்குள் விடுகிறது. விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் கூரையின் சூட்டைக் குறைப்பதில்லை. மின்சாரக் கட்டணம்தான் ஏறுகிறது.

இன்றைய பெரிய கட்டடங்களில் மின்சாரத்தைச் சிக்கனமாக்கத் தானியங்கி அமைப்புகள் உள்ளன. அவற்றின் உறுப்புகள் மூன்று: வெப்பத்தையும் ஆள் நடமாட்டத்தையும் அறியும் உணர்கருவி, முடிவு செய்யும் கணிப்பொறி, முடிவை நிறைவேற்றும் சுவிட்ச். ஆளில்லாத அறையில் விளக்கும் விசிறியும் தாமே நின்றுவிடும். இதன் பயன் சிறிதன்று. ஒரு வகுப்பறையில் 75 வாட் விசிறிகள் நான்கு, 8 மணி நேரம் வீணே சுழன்றால் 2.4 யூனிட் மின்சாரம் விரயமாகும்.

ஆனால், கட்டடமே வெயிலைத் தடுத்துவிட்டால்? இதற்கு விடை புதுச்சேரி நகரிலேயே இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டா’ விடுதி 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கப்பட்டது. அதை வடிவமைத்தவர், செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் பணியாற்றிய ஆன்டனின் ரேமண்ட். கட்டுமானத்தை முன்னின்று கவனித்தவர்களுள் ஒருவர் ஜார்ஜ் நகாஷிமா.

இவ்விடுதியின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கியுள்ளன. காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் வெயில் குறுகிய பக்கங்களில்தான் விழும். நீண்ட பக்கங்களில் கண்ணாடிச் சன்னல்களுக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய கிடைத் தகடுகள் உள்ளன. அவற்றைச் சாய்த்து வைத்தால் வெயில் தடைபடும், காற்று நுழையும். அறைக் கதவுகளிலும் இடைவெளி விட்ட மரச்சட்டங்கள் இருப்பதால், நுழைந்த காற்று மறுபுறம் வெளியேறும். கூரைக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் கவிந்துள்ளன. நண்பகல் வெயிலை அவை தாங்கிக்கொள்ள, இடையிலுள்ள காற்று வெப்பத்தைக் கொண்டுபோகிறது.

இங்கும் அம்மூன்று உறுப்புகள் உண்டு. உணர்கருவி நம் தோல். கணிப்பொறி நம் மூளை. சுவிட்ச் நம் கை! குறை ஒன்றுதான்: கை சில நேரம் மறந்துவிடும். கருவி மறப்பதில்லை.

ஆகவே முதலில் நிழல், அடுத்துக் காற்றோட்டம், அதன் பிறகே கருவி என்பதே சரியான வரிசை. வெயிலில் காயும் கட்டடத்தில் கணிப்பொறியைப் பொருத்தினால், ஆளில்லா நேரத்து விரயம் குறையும். ஆள் இருக்கும்போது புழுக்கம் அப்படியே இருக்கும். புதிதாக வீடு கட்டுவோர் கொத்தனாரிடம் முதலில் கேட்க வேண்டியது, “மேற்கு வெயில் எங்கே விழும்?” என்பதே.