கடலைச் செடியும் காய்த்துளைப்பானும்

சுண்டலாகவும் கச்சாங் பூத்தேயாகவும் நாம் உண்ணும் கொண்டைக்கடலை, வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் நாட்டிற்கு ஏற்ற பயிரன்று. குளிரும் வறட்சியும் கூடிய பருவமே அதற்கு உகந்தது. உலகில் விளையும் கொண்டைக்கடலையின் பெரும்பகுதி இந்தியாவில், சிறப்பாக மத்தியப் பிரதேசம், மகாராட்டிரம், இராசத்தான் மாநிலங்களில் விளைகின்றது.

இச்செடியின் இலைமயிர்களில் புளிப்பு நீர் கசிகின்றது. அதனால் பூச்சிகள் பல இதனை அண்டுவதில்லை. அப்புளிப்புக்கும் அஞ்சாதது காய்த்துளைப்பான். அதன் தாய் அந்துப்பூச்சி இலையிலும் பூவிலும் தனித்தனியே முட்டையிடும். வெளிவரும் சிறுபுழு முதலில் இலையைச் சுரண்டும். வளர்ந்தபின் காயைத் துளைத்து, தலையை உள்ளே நுழைத்துப் பருப்பைத் தின்னும். ஒரு காயோடு நில்லாது அடுத்தடுத்த காய்களுக்கும் தாவும்.

பூச்சிக்கொல்லியை எப்பொழுது தெளிப்பது? புழு சிறிதாயிருக்கும்பொழுதே. முதிர்ந்த புழு எளிதில் மடியாது. காயில் ஓட்டை கண்டபின் தெளிப்பது, வெள்ளம் வந்தபின் அணை கோலுவதை ஒக்கும். எனவே பூக்கும் பருவத்திலேயே வயலைச் சுற்றிவந்து புழுவை எண்ண வேண்டும். செடிவரிசையில் ஒரு மீட்டருக்கு ஒன்றிரண்டு புழுக்கள் காணப்பட்டால் தெளிக்கலாம் என்பது வேளாண் அறிஞர் வகுத்த அளவு.

எண்ணாமல் அடிக்கடி தெளித்தால் என்ன தீங்கு? ஒவ்வொரு தெளிப்பிலும் நஞ்சைத் தாங்கவல்ல சில புழுக்கள் தப்புகின்றன. அவற்றின் வழித்தோன்றல்களே பின்னர்ப் பெருகுகின்றன. இதே பூச்சி பருத்தியையும் துவரையையும் தக்காளியையும் தாக்கும். 1987-இல் ஆந்திரப் பருத்தி வயல்களில் உழவர் பன்முறை தெளித்தும் இது அடங்கவில்லை. பைரித்திராய்டு வகை நஞ்சுகளை அது தாங்கப் பழகிவிட்டிருந்தது. உழவர் பலர் கடனில் மூழ்கினர். நஞ்சு மனிதரையும் விடுவதில்லை. நெடுங்காலம் பயன்பட்ட எண்டோசல்பானை 2011-இல் இந்திய உச்சநீதிமன்றம் தடைசெய்தது.

ஆதலின் நஞ்சு இறுதிப் படையாகவே அமைதல் வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறி அந்துப்பூச்சியின் வரவை அறிவிக்கும். வயலில் நட்ட குச்சிகளில் பறவைகள் அமர்ந்து புழுவைக் கொத்தும். வேப்பங்கொட்டைச் சாறு சிறுபுழுவைத் தடுக்கும். புழுவுக்கு மட்டும் நோய் தரும் நச்சுயிரிக் கரைசலும் உண்டு. வெயில் அதனைக் கெடுக்குமாதலால் மாலையில் தெளித்தல் நலம். இவற்றிற்கு அடங்காதபொழுதே பூச்சிக்கொல்லி. அதுவும் ஒரே வகையை மீண்டும் மீண்டும் தெளிக்காது மாற்றித் தெளித்தல் வேண்டும்.

பூச்சிக்கொல்லியை 'மருந்து' என்றே நாம் வழங்குகிறோம். மருந்தென்றால் மிகினும் நலமே என்று எண்ணத் தோன்றும். வகுப்பறையிலேனும் அதனை நஞ்சு என்று சொல்லிக் கொடுப்போமாக.