மூலையைத் தேடும் முயல்

முயல் வளர்க்கும் நேயர்கள் கவனித்திருப்பீர்கள்: சிறுநீர் கழிக்க அது பெரும்பாலும் ஒரே மூலைக்குத்தான் போகும். அந்த மூலையிலேயே, முயல் ஏறித் திரும்பி உட்காரும் அளவுக்கு அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்றை வையுங்கள். அடியில் கிழித்த செய்தித்தாள், ஒரு பக்கமாகக் காய்ந்த புல். தின்னும் இடத்திலேயா கழிவு என்று முகம் சுளிக்காதீர்கள். புல்லை மென்றுகொண்டே புழுக்கை போடுவது முயலின் சுபாவம். புல்லைத் தினமும் மாற்றினால் போதும்.

பூனைக்கென்று கடையில் விற்கும், ஈரம் பட்டால் கட்டியாகிற மணல் மட்டும் வேண்டவே வேண்டாம். முயல் அதைத் தின்றுவிட்டால் குடல் அடைத்துக்கொள்ளும். டப்பில் படியும் வெள்ளைக் கறை சிறுநீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து. வினிகர் ஊற்றி ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும்.

கூண்டின் தரை வெறும் கம்பியாக இருந்தால் பாதம் புண்ணாகும். நாய், பூனைக்கு உள்ளதுபோல் மெத்தென்ற பாதம் முயலுக்குக் கிடையாது. கோரைப்பாய் விரியுங்கள், கடித்தாலும் பரவாயில்லை. கூண்டைவிட்டு வெளியே உலாவ விடும்போது சார்ஜர் வயர்களை உயரே எடுத்துக் கட்டிவிடுங்கள். வயர் என்றால் முயலுக்குக் கொள்ளை ஆசை!