முத்தோரையில் ஒரு திருட்டுப் பார்வை

ஸ்வெட்டரை மாட்டிக்கொள்ளுங்கள்! புதுச்சேரி நெல்லித்தோப்பு வெயிலில் வளர்ந்த உடம்புக்கு இந்த ஊட்டிக் குளிர் ஒத்துவராது. செல்போனையும் அணைத்துவிடுங்கள். விண்மீன்கள் கிசுகிசுப்பதைக் கேட்கிற இடம் இது. நம் வாட்ஸப் இங்கே இடிமுழக்கம்.

மூடுபனி விலகியதும், அம்மாடி! முத்தோரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது ஊட்டி ரேடியோ தொலைநோக்கி. கோவிந்த் ஸ்வரூப் குழு 1970இல் கட்டி முடித்தது. 24 இரும்புச் சட்டங்கள், அவற்றின்மேல் இழுத்துக் கட்டிய 1,100 எஃகுக் கம்பிகள். சரிவு சுமார் 11 டிகிரி, ஊரின் அட்சரேகையும் அதுதான். அதற்காகவே தேடிப்பிடித்த மலை! ஒரே அச்சில் சுழன்றபடி ஒரு விண்மீனை ஒன்பதரை மணி நேரம் விடாமல் துரத்தும்.

"மேகம் வந்தால்?" என்றேன். 1769இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண வானியலாளர் லெ ஜென்டில் காத்திருந்து, மேகத்தால் ஏமாந்த புதுச்சேரியின் ஊர்க்காரர்கள் ஆயிற்றே நாம்!

"ரேடியோ அலைக்கு மேகமெல்லாம் ஒரு பொருட்டா?" என்று சிரித்தார் பொறியாளர். மங்கி கேப், கையில் ஸ்பேனர், இந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை.

கட்டுப்பாட்டு அறையில் ஒயர்க் குவியல், ஆறிப்போன டீ, நாற்காலி முதுகில் யாரோ மறந்த மஃப்ளர். திரையில் வேலா பல்சர் விநாடிக்குப் பதினோரு தரம் துடிக்கிறது. இறந்த விண்மீனின் துடிப்பு, எனக்குப் புல்லரித்தது!

இங்குள்ள 1,056 டைபோல் ஆன்டெனாக்களும் வடக்கு-தெற்காக ஒரே வாக்கில் இருக்கின்றன. கம்பி கேட்டின் இடைவெளியில் நுழைத்த கயிற்றை ஆட்டினால், கம்பியோடு ஒத்து ஆடும் அலை மட்டும்தானே அந்தப் பக்கம் போகும்? அதே கதைதான்: டைபோல் வாக்கில் ஆடும் அலை மட்டுமே பிடிபடும்.

"அப்போ பாதி போச்சே!"

"போகாது. வர்ற வழியில விண்வெளிக் காந்தப்புலம் அலையோட தளத்தைத் திருகிடும். அலைவரிசைக்கு அலைவரிசை திருகல் வேற. அதான் பாருங்க, இந்தப் பக்கம் பளிச், அந்தப் பக்கம் மங்கல். அதை வச்சே தளவிளைவை, அதாவது அலை எந்தத் தளத்துல ஆடுதுங்கறதை, கறந்துடலாம்." அடேயப்பா!

அதிகாந்தப் பல்சரான மேக்னடார் பற்றிக் கேட்டதும் பக்கத்து மேஜைக்காரரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். எக்ஸ்டிஇ ஜே1810-197: சாதாரணப் பல்சரைவிட நூறு மடங்கு காந்தம், ஐந்தரை நொடிக்கு ஒரு சுற்று. அதன் ரேடியோத் துடிப்புகள் 2006இல் அறிவிக்கப்பட்டன. ஏறக்குறைய முழுக்கவே தளவிளைவு கொண்டவை. 2008இல் மௌனம். 2018 டிசம்பரில் திடீர் விழிப்பு, புனே அருகே உள்ள ராட்சத மீட்டரலைத் தொலைநோக்கியும் அதை விரட்டிப் பிடித்தது.

"வேலா ஒழுங்கா டியூட்டிக்கு வர்ற ஆளு. மேக்னடார் பத்து வருஷம் காணாமப் போகும். லீவ் லெட்டர்கூடத் தராது!" என்றபடி பொறியாளர் டிபன் டப்பாவைத் திறந்தார். எலுமிச்சைச் சோறு. நமக்கும் ஒரு பங்கு உண்டு, வாருங்கள்.